துரை தின்ற வெள்ளைப்பூண்டு

எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. உண்மைதான். அந்தப் பிடிவாதம் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

திருவிதாங்கூர் மகாராஜா காலம். பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊர். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. மிஷன் துரையைப் போல மிடுக்கான நடை. அதனால் பெயரும் துரை. ஒரு மழைக்காலத்தில் அதற்குக் கழிச்சல் கண்டது. 'பிழைத்தால் உமக்கே தருகிறேன்' என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டேன். கூடவே அரைப் பல் வெள்ளைப்பூண்டை நசுக்கித் தவிட்டில் பிசைந்து கொடுத்தேன். (நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவருக்கும் ஒரு கைத்துணை.) துரை பிழைத்தது.

எங்கள் வேதக்கோயிலில் விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்புப் பண்டிகை வந்தது. காணிக்கையாக வரும் காயையும் கோழியையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஏலம் போன சேவல் மத்தியானம் குழம்பில் கிடக்கும்.

"நேர்ந்தா கொடுக்கணும்" என்று அம்மை கூடையை எடுத்து வைத்தாள்.

நாறுகிற சேவலை எவன் வாங்குவான் என்று நினைத்தேன். விடிந்ததும் ஒரு முழுப் பூண்டை உரித்துத் துரைக்கு ஊட்டிவிட்டேன். (அறிவு அவ்வளவுதான்.)

ஏலத்தில், கோயில் ஊழியம் பார்க்கும் உபதேசியார் சேவலைத் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் இருந்த தோப்புக்காரர் மோந்து பார்த்தார்.

"பூடு மணக்குதே. நல்லதாப் போச்சு, அரைக்கிற வேலை மிச்சம்."

சபையே சிரித்தது. கனம் பார்க்க அவர் துரையை மடியில் வாங்கி வைத்தார். அரைப் பல் கழிச்சலை நிறுத்தியது. முழுப் பூண்டு திறந்துவிட்டது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி அது.

அம்மை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஏட்டி, என்னத்தக் கொடுத்தே?"

"ஒரு முழுப் பூடு."

"நேர்ந்ததைத் திருப்பி எடுக்கவா பாத்தே?" என்றார் உபதேசியார்.

எழுந்து நின்றேன். "நேர்ந்தது நானாக்கும். சேவல் கேட்டுச்சா?"

உபதேசியார் சேவலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீ என்ன கொடுப்பே?"

"ஒரு வருசம் கோயிலத் தூத்து வாரித் தாறேன்."

தோப்புக்காரர் வேட்டியை விரித்துப் பிடித்தபடி, "எனக்கு வேண்டாம்யா இந்தச் சனியன்" என்றார்.

சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டினேன். துரையும் பின்னாலேயே வரும். கோழிக்கு அரைப் பல்லுக்கு மேல் ஆகாது என்பதை அதன் பிறகு ஊருக்கே சொல்லிக்கொடுத்தேன்.

போன மாதம் என் மகன், என் பேத்தியிடம் ஒரு வார்த்தை கேளாமல் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வந்தான். அடுக்களையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது: "சேவல் கேட்டுச்சா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.