மாமனாரின் அந்துப்பூச்சிகள்

"ஹச்சூ!"

ஒரே தும்மல்தான். மேசைமேல் வரிசையாக வைத்திருந்த சீட்டுகளெல்லாம் பறந்து தரையில் விழுந்தன.

தும்மிய காப்பாளருக்கே பாதி உயிர் போய்விட்டது. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவு அவர் பொறுப்பு. பெட்டியில் இருந்தவையோ காலமான அவர் மாமனார் காடுமேடெல்லாம் அலைந்து பிடித்த அந்துப்பூச்சிகள். எங்கே, எப்போது பிடித்தது என்று மாமனார் கைப்பட எழுதிய சீட்டு ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் செருகியிருக்கும். துருப்பிடித்த ஊசிகளை மாற்றலாமே என்று இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் கழற்றினார். சீட்டு மாறிப்போனால் பூச்சி குப்பைக்குச் சமம். மனைவிக்குத் தெரிந்தால் அவரும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று போட்டோ எடுக்கும் பெண் மாதக்கணக்காகக் கெஞ்சினாள். "பூச்சிக்கு எதுக்கும்மா போட்டோ? வரன் பாக்கப் போறோமா?" என்று விரட்டியவர் இவரேதான்.

சீட்டுகளைப் பொறுக்கினார். நிறம் பார்த்து அடுக்கலாமென்றால் அத்தனையும் ஒரே பழுப்பு. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்மா, உங்கப்பா பெரிய பூச்சியெல்லாம் எங்க பிடிச்சாரு? மலையிலயா, ஆத்தோரமா?"

"என்ன, திடீர்னு எங்கப்பா ஞாபகம்?" என்றாள் மனைவி.

"சும்மாதான்."

"பெருசெல்லாம் மலையில."

மலைச் சீட்டுகளைப் பெரிய பூச்சிகளோடு அவசர அவசரமாகச் சேர்த்துக் குத்தினார்.

"இல்ல இல்ல, ஆத்தோரம்தான் பெருசு."

"ஐயையோ, குத்திட்டேனே!"

"எதை?"

"வி... விரலை!"

அந்த நேரம் பார்த்துப் போட்டோ எடுக்கும் பெண் உள்ளே வந்தாள். பெட்டியைச் சட்டென்று மூடினார். "என்ன சார், இப்படி வேர்த்திருக்கு?" என்று அவள் கேட்டதும் மனுஷன் உடைந்துபோனார்.

"அவரோட ஆயுசு உழைப்பை ஒரே தும்மல்ல பாழாக்கிட்டேம்மா. நீ கேட்டப்பவே விட்டிருக்கலாம்." கண் கலங்கிவிட்டது.

அவள் மேசையோரம் இருந்த கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். திரையில் அதே பெட்டி. ஒவ்வொரு பூச்சியும் தனித்தனியாக, பக்கத்திலேயே அதன் சீட்டும். மாமனாரின் கோழிக்கிறுக்கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"இது எப்போ எடுத்தே?"

"மத்தியானம் நீங்க தூங்கறப்பல்லாம் ஒவ்வொண்ணா எடுத்தேன் சார்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். உடனே பழைய அதிகாரம் திரும்பியது. "அதெப்படி என்னைக் கேக்காம எடுத்தே? யாரு சொன்னா?"

மேசைமேல் அணைக்க மறந்திருந்த போன் பதில் சொன்னது.

"நான்தான். கல்யாணமான நாள்லேர்ந்து உங்க தும்மலோட குடித்தனம் பண்றேன். எங்கப்பா பெட்டியை முதல்ல படம் எடுத்து வெச்சிடும்மான்னு அவ வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிட்டேன்."