தேன் மரத்துக்கு வெயில்

"உங்க மரத்து நிழல் எங்க வீட்டம்மா மரத்து மேல விழுது" என்றார் கடிகாரக்காரர், வேலியோரம் நின்று.

"நிழலை மடிச்சா வைக்க முடியும்?" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

கடிகாரக்காரர் வம்புக்குப் போகிறவர் இல்லை. ஆனால் மனைவி செத்துப்போன பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த ஒற்றை ஆப்பிள் மரம்தான். தேன் ஆப்பிள் என்று ஊரே சப்புக்கொட்டும் ஜாதி. அவள் கையால் நட்டது. வருடா வருடம் முதல் பழத்தைச் சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அவர் வாயில் வைப்பார். தையல்காரர் வீட்டு ஆப்பிள் மரமோ காக்கைகூடக் கொத்தாத புளிப்பு. அது வேலி தாண்டிக் கை நீட்டினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

நீட்டிய கிளைகளை வெட்டினார்கள். அடுத்த பருவத்தில் தேன் மரம் பாதிதான் காய்த்தது.

"பாத்தீங்களா? மிச்சக் கிளையும் வெயிலை மறைக்குது."

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "வீட்டுல அவ வந்துரட்டுமே." மகள் பிரசவத்துக்குப் போன அவர் மனைவி, பேரனை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தாள்.

"ஒரு கிளை வெட்ட வீட்டம்மா உத்தரவா?"

தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே பாதி மரம் போனது. அதற்கடுத்த பருவத்தில் தேன் மரத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் காய்.

"அப்ப வேர்தான் உறிஞ்சுது!"

"எடுத்துத் தொலைங்கய்யா."

ரம்பம் பிடித்தவர் கடிகாரக்காரரேதான். மரம் சாய்ந்ததும் தேன் மரத்தைத் தட்டிக்கொடுத்தார். "இனி உனக்குப் போட்டியே இல்லம்மா."

அடுத்த பருவத்தில் தேன் மரம் பூத்துக் குலுங்கியது. அவர் பூரித்துப்போனார். பிறகு பூவெல்லாம் கொட்டியது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. கடையில் வாங்கிய ஆப்பிளை நாற்காலிக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். அவளையே ஏமாற்றுவதுபோல் இருந்தது, எடுத்துவிட்டார்.

மறுநாள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய தையல்காரர் மனைவி, அடிக்கட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யார் வெட்டினது?"

"நான்தாம்மா. எங்க வீட்டம்மா மரத்துக்காக."

"ஐயோ அண்ணே, இதுவும் அக்கா நட்ட மரம்தான். தேன் மரம் ஒத்தையா நின்னா காய்க்காதாம். பக்கத்துல வேற ஜாதி பூத்தாதான் பிஞ்சு பிடிக்கும்னு சொல்லித்தான் நட்டாங்க."

கடிகாரக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்க பக்கமே நட்டிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேணாம்டி, புளிப்புன்னு தெரிஞ்சா அவர் வெட்டிப்போட்டுடுவார்'னாங்க."