கிறேசின் படத்துக்கு விழுந்த மாலை

வில்லரே, மொன்றியல்
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் ஆனந்தராசாவுக்கு,

இங்கு நானும் உமது அக்கா சிவமலரும் சுகம். லவாலில் நீரும் பிள்ளைகளும், பிள்ளைகளைவிடக் கவனமாக நீர் பார்க்கிற காரும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

நிற்க. கிறேஸ் சாகவில்லை. நீர் நேற்று வட்ஸ்அப்பில் வெளியிட்ட கண்ணீர் அஞ்சலியைத் தயவுசெய்து எடுத்துவிடும். வருகிற சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கும் மலர்வளையத்தையும் நிற்பாட்டும். உமது ரெலிபோன் எடுபடவில்லை; ஆகவே இக்கடிதத்தை இன்றே ஆள் மூலம் கொடுத்துவிடுகிறேன்.

நான் வாத்தியாராக இருந்தவன். அடியிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு வராது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உமது அக்கா ஒரு குளிர்காலம் முழுவதும் மூன்றாம் மாடி யன்னலடியில் இருந்தாள். எங்கள் வீட்டு வெளிப்படி வளைந்து வளைந்து இறங்கும். அதன்மேல் பனி வேறு உறைந்துவிடும். நீர் வந்து பார்த்துவிட்டு, "அத்தான், இந்த ஏணியை விட்டிட்டு லவாலுக்கு வாங்கோ, கீழ்வீடு ஒண்டு பார்த்துத் தாறன்" என்றீர். நான் அசையவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் முதியோர் மண்டபத்தில் ஹெயிற்றி நாட்டுக்காரி கிறேஸ் உடற்பயிற்சி வகுப்புத் தொடங்கினார். கதிரையைப் பிடித்து எழும்பு, இரு, எழும்பு, இரு என்று அவர் சொல்லச் சொல்ல, உமது அக்கா இப்போது தனியே படி இறங்கி, மூலைக்கடை டெப்பனரில் பால் வாங்கிக்கொண்டு, கடைக்காரனோடு கதையும் கதைத்துவிட்டு மேலே வருகிறாள். இந்தக் கிறேசைத்தான் உங்கள் லவால் மண்டபத்தார் இப்போது கூப்பிடுகிறார்கள். அவர் போனால் இங்கே வகுப்பே இல்லை. உமது அக்கா மறுபடியும் யன்னலடிக்குப் போய்விடுவாள் என்பதுதான் என் பயம். ஆகவே நேற்று அவருக்கு ஒரு மதிப்புச் செய்து, மனம் குளிர வைத்து, இங்கேயே நிறுத்திவிட எண்ணினோம்.

இந்த நாட்டில் இது கறுப்பின வரலாற்று மாதம் அல்லவா? உலகத்தின் உடல்நலத்துக்கு வழி செய்த கறுப்பினத்தவர் மூவரைப் பற்றி நான் பேசுவதாக ஏற்பாடு. ஒருவர் ஒனேசிமஸ். பொஸ்டனில் அடிமையாக இருந்தவர். ஆபிரிக்காவில் தனக்கு அம்மை குத்திய முறையைச் சொல்லிக் கொடுத்து, அங்கே கொள்ளைநோய் வந்தபோது பல உயிர்கள் தப்ப வழி காட்டினார். அவருடைய படம் எங்கும் கிடைக்காததால் வெறும் படச்சட்டத்தில் பெயரை எழுதி வைத்தேன். அடுத்தவர் சார்ல்ஸ் ட்றூ. இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்துச் சேமித்து அனுப்பும் முறையைச் சீர்ப்படுத்தியவர். இதே மொன்றியலில்தான் மருத்துவம் படித்தார். தடைதாண்டி ஓடுவதிலும் கெட்டிக்காரர். மூன்றாமவர் பற்றீசியா பாத். கண்புரையை லேசரால் அகற்றும் கருவியைக் கண்டுபிடித்த கண் மருத்துவர். தூரத்து உதாரணம் மூன்று சொன்னால் பக்கத்து உதாரணம் ஒன்றாவது சொல்ல வேண்டும் என்பது வகுப்பறையில் என் வழக்கம். அதனால் நாலாவதாகக் கிறேசின் படத்தையும் வைத்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

அலங்காரம் எங்கள் மண்டபத்துப் புஷ்பவதியின் பொறுப்பு. நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நாலு படத்துக்கும் மாலை, நாலுக்கும் சந்தனப் பொட்டு, முன்னால் குத்துவிளக்கு.

"பிள்ளை, நாலாவது ஆள் உயிரோடை இருக்கிறா!"

"அதுக்கு? மூண்டுக்குப் போட்டிட்டு ஒண்டை மொட்டையா விட்டால் அவவின்ரை மனம் நோகாதோ மாஸ்ரர்?"

நான் நாலாவது மாலையைக் கழற்றக் கை நீட்டினேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து யாரோ, "மாலை போட்டாச்சு, ஒரு நிமிசம் எழும்பி நில்லுங்கோ" என்றார். எல்லோரும் எழும்பித் தலை குனிந்தார்கள். சரியாக அப்போதுதான் கிறேஸ் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மரியாதை தெரிந்த மனுசி. தொப்பியைக் கழற்றிவிட்டு உமது அக்காவின் பக்கத்தில் தானும் தலை குனிந்து நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் எங்களிடம் பொறுக்கியது. காதுக்குள் மெல்லக் கேட்டார்:

"ஆரப்பா செத்தது?"

எரிகிற விளக்குக்கு முன்னால் உமது அக்காவுக்குப் பொய் வராது.

"நீங்கள்தான், மடாம்."

இதை வகுப்புக்கு வரும் அல்போன்சம்மா வீடியோ எடுத்து அனுப்ப, உமக்கு மாலையும் விளக்கும் மௌனமும் தெரிந்தன. பக்கத்தில் நின்ற ஆள் தெரியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேளாமல், 'முழங்கால்களை நிமிர்த்திய தாயே, எங்கள் லவாலுக்கு வருமுன்னே விண்ணுலகு ஏகினாயோ' என்று எழுதி, 'தோற்றம்: தெரியவில்லை, மறைவு: நேற்று' என்று போட்டு, மெழுகுதிரியும் அசைய விட்டிருக்கிறீர். இன்று விடிந்ததும் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கிறேசின் வாசலில் நின்றிருக்கிறார்கள். கதவைத் திறந்தது கிறேஸ். வந்தவர்கள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். சொதி நல்லாயிருந்ததாம்.

அவர் கோபித்தாரா, சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. லவாலுக்குப் போவதா, இங்கே நிற்பதா என்ற முடிவை இன்றிரவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் உமது அஞ்சலி அவர் கண்ணில் படக்கூடாது. லவால் கதையையும் இனி எடுக்க வேண்டாம். நாங்கள் இந்தப் படியை விட்டு வரப்போவதில்லை.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, குளிருக்குக் காதை மூடித் திரிய எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உமது அத்தான்
தங்கராசா

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகையில் கிறேஸ் ரெலிபோன் எடுத்தார். அல்போன்சம்மா உமது அஞ்சலியைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினாளாம். "நீங்கள் இவ்வளவு காலமும் மெர்சி, நன்றி எண்டு மட்டும்தான் சொன்னியள். லவால் ஆக்கள் என்னைப் பாக்காமலே அழுகினம். நான் அங்கை போறன்" என்றார். ஆகவே அஞ்சலியை எடுக்க வேண்டாம்; மறைவை மட்டும் அழியும். மலர்வளையத்தை அறுத்துப் பூச்செண்டாக்கச் சொல்லும். அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு வீடு பாரும். கீழ்வீடு வேண்டாம், மாடி வீடாக இருக்கட்டும். இவ்வளவு பாடுபட்டுப் பழகிய காலைச் சும்மா வைத்திருக்க மாட்டாளாம் உமது அக்கா.