மார்க்கண்டரின் மூன்றாம் பந்தி

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்குள், தேர்தல் முடிவை எதிர்க்கிற பெட்டிசம் அரசாங்கக் கந்தோருக்குப் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் மூன்று வருசத்துக்குத் துரைராஜாதான் தலைவர்.

விசயம் இதுதான். சுன்னாகத்துக்குக் கிட்ட உள்ள அந்த ஊரின் சனசமூக நிலையத்துக்குப் போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு தேர்தல் நடந்தது. ஆளுக்கொரு கடதாசித் துண்டு. விரும்பின ஆளின் பெயரைத் தன் கையால் எழுதி, மடித்து, பிஸ்கட் தகரத்துக்குள் போடவேண்டும். எண்ணிப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் துரைராஜாவுக்கு முப்பத்தொன்று, மார்க்கண்டருக்கு முப்பது. ஒரேயொரு துண்டு, பாருங்கோ! மாவட்டக் கந்தோரான கச்சேரியில் முப்பத்திநாலு வருசம் இருந்து, பிரதம லிகிதராகப் பென்சனோடு இளைப்பாறின மனிசன் இதைப் பொறுப்பாரா? தான் வென்றால் நிர்வாகக் கூட்டமெல்லாம் தங்கள் வீட்டு விறாந்தையில்தான், மனைவி செல்வநாயகி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊத்துவா என்று, அவளை ஒரு வார்த்தை கேட்காமலே, வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் வைத்திருந்தார்.

"கள்ளத் துண்டு போட்டிருக்கினம்" என்றார் மனைவியிடம். "வராத ஆக்களுக்கும் சேர்த்து ஆரோ எழுதியிருக்கினம். துண்டெல்லாம் வாசிகசாலை அலுமாரிக்குள்ளைதான் பூட்டிக் கிடக்குது. என்ரை கண்ணுக்கு முன்னாலை எடுத்து விரிக்கட்டும். முப்பத்திநாலு வருசமா ஊராற்றை விண்ணப்பம் எல்லாம் பாத்தவன் நான். ஆற்றை எழுத்து எதெண்டு ஒரு பார்வையிலை பிடிப்பன்."

செல்வநாயகி அரிசிக்குள் கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓம், பிடிப்பியள்" என்றாள்.

பெட்டிசத்தைக் கையால் எழுதினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கையால் எழுதின பெட்டிசம் கந்தோரில் எந்தக் கட்டுக்கு அடியில் போய்ப் படுக்கும் என்பது மார்க்கண்டருக்குத் தெரியும். முப்பத்திநாலு வருசமாக அடியில் தள்ளினவரே அவர்தானே! ஆகவே மகள் சாருஜா கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப் போன கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டார். இரண்டு விரலால், ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினார். பழக்கதோசம். கந்தோரில் அவர் சொல்ல இன்னொருவர் தட்டுவார். இப்போது சொல்லுகிறவரும் அவர், தட்டுகிறவரும் அவர். குரல் மட்டும் அந்தக் காலத்துக் குரல்தான். குசினி தாண்டிக் கிணற்றடி வரைக்கும் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை தொடங்கினார். முதலாம் பந்தி, வணக்கம். இரண்டாம் பந்தி, தன்னுடைய சேவை வரலாறு. மூன்றாம் பந்தியில்தான் பெட்டிசத்தின் உயிரே இருந்தது.

"ஆகவே... வாக்குத் துண்டுகள்... யாவற்றையும்... வெளியே எடுத்து... எழுத்துகளை..."

டிக். திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளிச்சம் வந்தது. ஒன்றுமே நடக்காதது மாதிரி கொம்பியூட்டர் பாட்டுப் பாடிக்கொண்டு எழும்பியது. பெட்டிசத்தைக் காணவில்லை.

"ஐயோ, செல்வநாயகி!"

"என்னப்பா, ஏன் கத்திறியள்?" கிணற்றடிப் பக்கமிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"அழிஞ்சு போச்சு! முழுக்க அழிஞ்சு போச்சு! தானா நிண்டு தானா வருகுது!"

"நீங்களும் அப்பிடித்தானே. கதிரையிலை இருந்தபடி நித்திரையாகித் திடீரெண்டு முழிக்கிறியள். அதுக்கும் வயசு போகுதெல்லே."

புதன்கிழமை மூன்று தரம் அழிந்தது. மூன்று தரமும் அதே இடம். வணக்கம் சொல்லும்வரை கொம்பியூட்டர் பேசாமல் இருக்கும். சேவை வரலாற்றையும் பொறுமையாகக் கேட்கும். மூன்றாம் பந்தியில் 'துண்டுகள்' என்று வாய் திறந்தால் போதும், டிக். துரைராஜா செய்வினை கிய்வினை செய்துபோட்டானோ? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தார். பிறகு, சோதித்துப் பார்ப்போமே என்று, வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு 'துண்டுகள், துண்டுகள்' என்று பத்துத் தரம் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை! துணிவு வந்து, பெட்டிசத்தைத் திரும்ப முதலிலிருந்து சத்தமாகத் தொடங்கினார். மூன்றாம் பந்தி. டிக்.

அன்று பின்னேரம் தக்சாயினி ரீச்சரைக் கூட்டிவந்தார். அதே ஒழுங்கையில் சில வீடு தள்ளி இருக்கிறவர். பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவர். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு சிரட்டை செம்மண் தூசி.

"அங்கிள், உதுக்குள்ளை மரவள்ளி நடலாம்" என்றார் ரீச்சர்.

தூசி தட்டினார். காற்றாடி சுற்றுகிறதா என்று பார்த்தார். உள்ளிருந்த ஞாபகத் தகட்டைக் கழற்றிப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார். வைரஸ் தேடினார். எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

"எழுத எழுத சேவ் பண்ணிக்கொண்டு போனியள் எண்டால் அழியாது அங்கிள்."

"கையொப்பம் வைக்காத கடிதத்தைக் கந்தோர்க் கோவையிலை கோத்து வைக்கப்படாது, பிள்ளை. அது ஒழுங்கு."

"இது கோவை இல்லை, கொம்பியூட்டர்."

"ஆற்றை கொம்பியூட்டர்? என்ரை. அப்ப என்ரை ஒழுங்கு."

ரீச்சர் பெருமூச்சு விட்டார். "சரி. பெட்டி நிக்கிற நேரமெல்லாம் ஒரு கொப்பியிலை எழுதுங்கோ. எத்தினை மணி, என்ன தட்டினனியள், பெட்டி சுட்டதோ, அந்த நேரம் வீட்டிலை வேறை என்ன ஓடினது. எழுதினால் பிடிபடும்."

கொப்பி என்றதும் மார்க்கண்டருக்குப் பாதிக் கவலை பறந்தது. அடிமட்டம் வைத்து நாலு நிரல் கீறினார். வியாழக்கிழமை ஐந்து தரம் அழிந்தது. ஐந்தையும் சிவப்பு மையால் பதிந்தார். நாலாம் நிரலை மட்டும் தொடவில்லை. வீட்டில் என்ன ஓடுகிறது என்பது அவருடைய பகுதி அல்ல, செல்வநாயகியின் பகுதி. அடுத்தவரின் பகுதிக்குள் அவர் ஒருநாளும் மூக்கை நுழைத்ததில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த செல்வநாயகி கொப்பியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள். நாலாவது சும்மா கிடக்கட்டும்" என்றாள்.

இரவு முழுக்க மார்க்கண்டர் புரண்டு படுத்தார். பிறசர்க் குளிசை போட்டதா இல்லையா என்று மறந்து இன்னொன்று போடப் போய், செல்வநாயகி பறித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ரீச்சர் எட்டிப் பார்த்தார். கொம்பியூட்டர் போட்டபடி இருந்தது. கொப்பியைப் புரட்டினார்.

"நாலாவது எங்கை, அங்கிள்?"

மார்க்கண்டர் பகுதிகளைப் பற்றி விளக்கத் தொடங்கவும், கூரைத் தாங்கிக்குத் தண்ணி ஏற்றுகிற நேரம் என்று பின்பக்கம் மோட்டர் உறுமவும் சரியாக இருந்தது. டிக். திரை கறுத்தது.

"கேட்டதோ, அங்கிள்?"

"என்னத்தை?"

"தண்ணி மோட்டர்! பழைய வயரிங். மோட்டர் வெளிக்கிடேக்கை கரண்டை ஒரேயடியா இழுக்குது. கொம்பியூட்டருக்கு மூச்சு நிண்டு போகுது. உதுதான் வருத்தம்."

மார்க்கண்டர் கிணற்றடிக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடப்படாது.

"நீரோ? நீரோ இவ்வளவு நாளும்?"

"எனக்கென்னப்பா தெரியும்?" செல்வநாயகி முகத்தில் பால் வடிந்தது. "வெயிலுக்கு வாழை வாடுது எண்டு இடைக்கிடை தண்ணி விட்டனான்."

தாங்கி நிரம்பியதும் மார்க்கண்டர் மோட்டரின் பியூசைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். "நான் கந்தோருக்கு வெளிக்கிடும் வரைக்கும் மோட்டர் இல்லை. விளங்குதோ?"

"ஓம். ஓம்."

முப்பத்திரண்டு வருசம் குடித்தனம் நடத்தின மனிசன் அந்த இரண்டாவது 'ஓம்'முக்குப் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. ஒன்பது மணிக்குக் கதிரையில் இருந்தார். மூன்றாம் பந்தி வந்தது. காது இரண்டும் கிணற்றடியிலேயே நின்றன. "வாக்குத்... துண்டுகள்..." திரை கறுக்கவில்லை! "எழுத்துகளை... ஒப்பிட்டுப் பார்க்குமாறு..." கறுக்கவில்லை! மார்க்கண்டருக்குக் கண் கலங்கியது. சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. வெளியே செல்வநாயகி தோய்த்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விரிப்புகள்கூட. குழாய் காலமை தொடக்கம் திறந்தபடி ஓடியது. மார்க்கண்டர் அதையொன்றும் கவனிக்கவில்லை.

இரண்டே கால் மணிக்கு ஆறு பந்தியும் முடிந்தது. உடனே பிறின்ற் எடுத்திருக்கலாம். ஆனால் வரைவைக் கால் மணித்தியாலம் ஆறவிட்டு, கடைசியாக ஒருக்கால் வாசிக்காமல் அவர் எந்தக் கடிதத்தையும் வெளியே விட்டதில்லை. குளிக்காமல் கந்தோர்ப் படி ஏறியதும் இல்லை. ஆகவே கிணற்றடிக் குளியலறைக்குள் போனார். தலைக்கு வார்த்தார். உச்சி தொடக்கம் உள்ளங்கால் வரை சவுக்காரம் போட்டார். குழாயைத் திறந்தார்.

குழாய் இருமியது. இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

"செல்வநாயகி! தண்ணி நிண்டு போச்சு!"

"தாங்கி முடிஞ்சு போச்சு போலை." குரல் முன் விறாந்தையிலிருந்து வந்தது. "இண்டைக்குக் கொஞ்சம் கூடத் தோய்ச்சுப் போட்டன்."

"மோட்டரைப் போ... ஐயோ, போடாதையும்! முதல்லை பெட்டிசத்தைப் பிறின்ற் எடும்!"

"எனக்கு உது தெரியாதே. எந்த இடத்திலை அமத்திறது?"

"மூலையிலை ஒரு படம் இருக்கும்!"

"எந்த மூலை? நாலு மூலை கிடக்குது."

"அதை விடும்! கிணத்திலை ஒரு வாளி அள்ளித் தாரும்!"

"கயிறு எங்கை? மோட்டர் பூட்டின அண்டைக்கே கப்பியையும் கயிறையும் கழட்டி எறிஞ்சது ஆர்?"

சவுக்காரம் கண்ணுக்குள் இறங்கியது. மார்க்கண்டர் துவாயைத் தடவிப் பிடித்தார். "நில்லும், நானே வாறன்!"

"வராதேங்கோ! ரஞ்சினி வந்திருக்கிறா. விறாந்தையிலை இருக்கிறா."

ரஞ்சினி, துரைராஜாவின் மனைவி! எதிரியின் வீட்டுக்காரிக்கு முன்னால், துவாயோடும் நுரையோடும், ஒரு பிரதம லிகிதர் எப்படி நடந்து போவார்?

"அவவை அனுப்பும்!"

"வந்த மனிசியை எழும்பிப் போ எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? இப்பதான் தேத்தண்ணி குடுத்தனான்."

"மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

கண் எரிந்தது. முதுகு கடித்தது. மயிர் குத்திக்கொண்டு நின்றது. கந்தோர் கதவு கண்ணுக்குள் மெல்ல மெல்லச் சாத்துப்பட்டது. மார்க்கண்டர் சுவரில் தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"பியூஸ் என்ரை சேட்டுப் பைக்குள்ளை! போடும்! மோட்டரைப் போடும்!"

இவ்வளவு விரைவாகச் செல்வநாயகி அவர் சொல் கேட்டதே இல்லை. மோட்டர் உறுமியது. அறைக்குள்ளிருந்து, கொம்பியூட்டர் பாட்டுப் பாடிக்கொண்டு எழும்புகிற சத்தமும் வந்தது. தண்ணி கொட்டியது. மார்க்கண்டர் அதற்குக் கீழே குந்திக்கொண்டு கனநேரம் இருந்தார்.

ரஞ்சினி போன பிறகு வெளியே வந்தார். மணி மூன்றே கால். சைக்கிளில் பறந்தாலும் கந்தோருக்கு அரை மணித்தியாலம். செல்வநாயகி விறாந்தைக் கொடியில் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணுமெண்டுதானே செய்தனீர்?"

"ஓம்."

"மோட்டர் போட்டால் கொம்பியூட்டர் நிக்குமெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"சாருஜா படிக்கேக்கை 'அம்மா, மோட்டரைப் போடாதேங்கோ' எண்டு நாலு வருசமா கத்தினவள். நீங்கள் அப்ப பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்தனியள்."

"சரி, அதை விடும்." மார்க்கண்டர் துவாயை இறுக்கிக் கட்டினார். "என்ரை மானம் போகுது, துரைராஜா மூண்டு வருசம் தலைவரா இருக்கப் போறான். பெட்டிசம் போனால் உமக்கு என்ன நட்டம்?"

செல்வநாயகி தலையணை உறையை உதறினாள்.

"எல்லாற்றை எழுத்தையும் ஒரு பார்வையிலை பிடிப்பியள் எண்டு சொன்னியளெல்லே?"

"ஓம், பிடிப்பன்!" துவாயோடு நின்றபடியே மார்க்கண்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த ஊரிலை எனக்குத் தெரியாத எழுத்து இல்லை."

"அந்த முப்பத்தொண்டிலை ஒண்டு என்ரை எழுத்தப்பா."