நான் ஆட்டிய தலை செல்லாது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீடும் நலம். அங்கே நீங்கள், என் மகள், குழந்தை, உங்கள் அத்தை எல்லோரும் நலமா என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் நலம் என்று நீங்கள் கத்திச் சொன்னாலும் எனக்குக் கேட்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் அத்தை கண்ணில் படக்கூடாது என்றுதான் உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

நேற்று நீங்கள் அனுப்பிய மெயிலில், "மாமா, அத்தை இன்னும் ஆறு மாசம் இங்கேயே இருக்க நீங்க சம்மதிச்சது பெரிய உதவி, டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடறேன்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எப்போது சம்மதித்தேன்? யோசித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உங்கள் அத்தை ஏதோ நீளமாகப் பேசினாள், நடுவில் நீங்களும் வந்து ஏதோ கேட்டீர்கள், நான் பலமாகத் தலையாட்டினேன். மாப்பிள்ளை, என் கம்ப்யூட்டரில் சத்தமே வருவதில்லை. குழந்தை குப்புறக் கவிழ்ந்த சங்கதி என்று நினைத்து ஆட்டிய தலை அது.

சத்தம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு உறுப்பையும் வேலை வாங்குகிற மென்பொருள் அது. பம்ப் ஹவுஸில் ஆயுசு முழுக்க ஆட்களை வேலை வாங்கிய எனக்கு இது தெரியாதா? ஒரு நாள் திரையில் பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி நின்றது. நீங்களாக இருந்தால் விட்டுவிடுவீர்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் புதுப்பித்துத் தருகிறேன் என்று ஒரு விளம்பரம் சொன்னது, அழுத்தினேன், மஞ்சள் குறி போனது, கூடவே மவுஸும் போனது, அம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது, 'சரி' என்ற பொத்தானில் 'ச' மட்டும்தான் தெரிந்தது, வந்தது வரட்டும் என்று கீபோர்டில் தட்டினேன், பிரிண்டர் தானாகவே விழித்துக்கொண்டு கட்டம் கட்டமாக எதையோ அடிக்க ஆரம்பித்து, காகிதம் தீர்ந்த பிறகுதான் ஓய்ந்தது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். "யார் சார் இந்த வேலையைப் பார்த்தது?" என்றார். "கரண்ட் ஏறி இறங்குச்சு" என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு மவுஸையும் எழுத்தையும் சரிசெய்து கொடுத்தார். அவர் போன பிறகுதான் சத்தம் இல்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து "நாளைக்கு வரேன் சார்" என்கிறார். கம்ப்யூட்டரோ 'ஒலிச் சாதனம் சரியாக இயங்குகிறது' என்கிறது. எங்கள் பம்ப் ஹவுஸ் அறிக்கையே தேவலை.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என் மகள், "அப்பா, அதுல கை வெக்காதீங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டவள். போன் செய்யலாம் என்றால் என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் வெளிநாட்டுக்குப் பேச வழியில்லை. என் பேச்சு உங்களுக்குக் கேட்கிறதே என்று "ம்", "அப்படியா", "சரி சரி" என்று வாரக்கணக்கில் சமாளித்தேன். உங்கள் அத்தைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை! கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதே அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆனால் எனக்கு வித்தியாசம் தெரிகிறது, மாப்பிள்ளை. அவள் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. சர்க்கரை டப்பா எங்கே என்று தேடினால், "கண்ணு முன்னாடிதான் இருக்கு, பாருங்க" என்று சொல்ல ஆளில்லை. டப்பா கண் முன்னால்தான் இருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு வாசலில் கொஞ்சம் நிற்கிறேன். திரையில் அவள் சிரித்தால் எதற்கென்று தெரியாமல் நானும் சிரிக்கிறேன், அவள் முடித்த பிறகும் என் சிரிப்பு பாக்கி இருக்கிறது. எனக்கு அவள் இல்லாமல் முடியவில்லை.

ஆகவே அந்தத் தலையாட்டல் செல்லாது. டிக்கெட் பழைய தேதியிலேயே இருக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். நாலாவது ஆளை அனுப்பிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மெயிலை அனுப்பப் போகும்போது, ஒலி டிரைவருக்குள் 'பழைய டிரைவருக்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அழுத்தினேன். சத்தம் வந்துவிட்டது. உடனே கூப்பிட்டேன். உங்கள் அத்தை குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகளிடம் சொல்கிறாள்: "பாருடி உங்கப்பாவை. கண்ணு கொட்டாம என் மூஞ்சியவே பாக்குறாரு. இத்தனை வருஷத்துல நான் பேசி ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல. அங்க போனா மறுபடியும் பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாரு. அதான், இன்னும் ஆறு மாசம் இங்கேர்ந்தே பேசிக்கிறேன்னு சொன்னேன்."

நான் "ம்" என்றேன்.

மேலே எழுதியதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டாம். டிக்கெட் விஷயத்தில் அவளாகச் சொல்லும்வரை நீங்கள் ஒன்றும் செய்யவும் வேண்டாம். வீட்டுக்குப் பேப்பர் போடுகிறவரிடம் இனிமேல் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை மட்டும், பேச்சுவாக்கில், அவள் காதில் போட்டுவையுங்கள்.