பெயருக்கு வால் ஒட்டுபவர்

ஒரு பெயர்ச்சொல் யாருடைய துணையும் இல்லாமல் ஒரு வாக்கியத்தில் தனியாக நிற்கலாம் என்பது உங்களுக்கும் நமக்கும் சாதாரணச் செய்தி. வால் ஒட்டுபவருக்கு அது காணச் சகிக்காத காட்சி. நீங்கள் 'டீ' என்று சொன்னால், அவர் 'நேற்றுக் கொடுத்ததைவிடச் சூடு கம்மியாக இருக்கிற டீ' என்பார். நீங்கள் 'பஸ்' என்றால், அவர் 'நாம் வருவதைப் பார்த்தும் நிற்காமல் போன பஸ்' என்பார். எந்தப் பெயரையும் அவர் வெறுமையாக வெளியே அனுப்பமாட்டார். அது எது, எத்தகையது, யாருடையது, எப்போது என்ன செய்தது என்று ஒரு வாலைக் கட்டி, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே அனுப்பிவைப்பார். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். திருவண்ணாமலைக்குக் கிடைத்தவர் வேங்கிக்கால் முருகவேல்.

முருகவேல் பிறவியிலேயே இப்படி இல்லை. அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய ஆங்கிலம் முழம் முழமாக அறுத்துப் போட்ட கயிறு. 'ஒரு மனு வந்தது. மனு நனைந்திருந்தது. மனுவை ஒருவர் கொடுத்தார். அவர் போய்விட்டார்' என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். அதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. ஆனால் மேலதிகாரி அதைப் பிரிவு முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, "என்னய்யா இது, தந்தியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த அதிகாரி ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டார். அந்தக் குறிப்பு மட்டும் சிவப்பு மை வட்டத்தோடு, பிளாஸ்டிக் உறைக்குள், முருகவேல் வீட்டுப் பீரோவில் இன்றும் இருக்கிறது.

அடுத்த பௌர்ணமியன்று மலையைச் சுற்றிவரும் வழியில், நடைபாதையில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களுக்கு நடுவே அட்டையில்லாத ஓர் ஆங்கில இலக்கண நூல் அவர் கண்ணில் பட்டது. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, தானே படித்தார். அதில் who, which, that, whose, where என்று சில கொக்கிகளைக் கண்டெடுத்தார். மனிதருக்கு ஹூ. பொருளுக்கு விச். இரண்டிலும் சமாளிக்கத் தட். உடைமைக்கு ஹூஸ். இடத்துக்கு வேர், அது வேறு வகை என்று நூல் சொன்னபோதும் அவர் அதைத் தள்ளிவைக்கவில்லை. இவற்றில் ஒன்றை மாட்டினால், இரண்டு வாக்கியங்களில் ஒன்று மற்றதன் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் பணிவாகப் போய் நின்றுகொள்கிறது. அன்றே அந்த மனுக் குறிப்பை ஆங்கிலத்தில் திருத்தி எழுதிப் பார்த்தார், தமிழில் சொன்னால் இப்படி: 'போய்விட்ட ஒருவர் கொடுத்த, நனைந்திருந்த மனு வந்தது.' ஒரே வாக்கியம்! இனி எவன் தந்தி என்பான்?

அதற்குப் பிறகு ஊருக்கு நிம்மதி இல்லை.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் பாலாஜியின் டீக்கடை. வெளிநாட்டார் வந்து போகும் இடம் என்பதால் முருகவேல் மாலைதோறும் அங்கே ஆஜராவார்.

"பாலாஜி, தமிழ்ல இன்னா சொல்றோம்? நேத்து வந்த ஆளுன்றோம். மூட்டை ஆளு தலைமேல. இங்கிலீஷ்காரன் ஆளை முன்னால நிறுத்திட்டு மூட்டையைப் பின்னால வாலா கட்டிவுடறான். தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே. ஆளு முன்னால போறான், வாலு பின்னால வருது."

"வாலு எவ்ளோ நீளம் போவும் சார்?"

"அதுக்கு எல்லையே கிடையாது."

"அதான் சார் பயமா இருக்குது."

ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, இங்கே தையல்கடை எங்கே என்று கேட்டாள். 'அதோ' என்று கையைக் காட்டியிருக்கலாம். முருகவேல், முன்பு அரிசிக்கடையாக இருந்த கட்டடத்தில், சுவரில் நீலம் பூசிய மருந்துக்கடைக்கு எதிரில், யாருடைய தம்பி சிங்கப்பூரில் இருக்கிறானோ அந்தத் தையல்காரர் நடத்துகிற கடை என்று ஹூவும் விச்சும் ஹூஸுமாகக் கோத்து முடிப்பதற்குள் தையல்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் நன்றி சொன்னாள். அடுத்த நாள் வேறு கடையில் டீ குடித்தாள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். முருகவேலின் மகள் மதிவதனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "கார்டு வேலையை நீங்களே பாத்துக்கங்க" என்று அவர் மனைவி கன்னியம்மாள் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

தமிழ்ப் பக்கம் வழக்கம்போல் அமைந்தது. மாப்பிள்ளையின் சென்னை நண்பர்களுக்கென்று ஓர் ஆங்கிலப் பக்கம் தேவைப்பட்டது. வரவேற்கும் உறவினர் பெயர்களை எழுதிக்கொண்டே வந்த முருகவேல் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். வேடியப்பன் இருவர். ஒருவர் கன்னியம்மாளின் கூடப்பிறந்த தம்பி, அதாவது மணமகளின் தாய்மாமன். மற்றவர் முருகவேலின் பங்காளி. இருவருக்கும் ஊர் கீழ்பென்னாத்தூர், பயிர் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை. ஒரே பெயரில் இருவர் நின்றால் எவர் என்று பிரித்துக் காட்டுவதற்காகத்தானே வால் என்பதே ஏற்பட்டது? இத்தனை வருடப் படிப்பும் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்ததுபோல் அவருக்குத் தோன்றியது.

தேரடி வீதி அச்சகத்தில் இராமலிங்கம் அந்த வரியைப் படித்துவிட்டு நெளிந்தார்.

"சார், எல்லாரும் பேருக்குப் பின்னால ஊரு போடுவாங்க, தொழில் போடுவாங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு, ஒரே மல்லாட்டைப் பயிரு. எப்படிப் பிரிப்பீங்க?"

"தாய்மாமன்னு போட்டா ஆச்சு."

"அது உறவு. அடையாளம் ஆவுமா? சென்னைலேர்ந்து வர்றவங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?"

"இதைப் போட்டா மட்டும் தெரியுமா சார்?"

முருகவேல் முன்பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரிய காரியங்களுக்கு முன்னால் இப்படிச் சின்னக் கேள்விகள் வரத்தான் செய்யும்.

கார்டு அச்சாகி, ஊர் ஊராகப் போய், கீழ்பென்னாத்தூரையும் அடைந்தது. தாய்மாமன் வேடியப்பனுக்கு ஆங்கிலம் வராது. கண்ணாடியைத் தேடும் பழக்கமும் கிடையாது. எழுத்து எதுவானாலும் அவர் மனைவி வினோதினிதான் படித்துச் சொல்ல வேண்டும். வினோதினி பி.ஏ. படித்தவர். ஆங்கிலப் பக்கத்தை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னார்: 'மதிவதனியின் காதுகுத்தில் சாப்பிடாமல் பந்தியிலிருந்து எழுந்துபோன வேடியப்பன்.'

உண்மைதான். தன்னுடன் வந்தவர்களுக்கு ஜிலேபி வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கு அவர் எழுந்துபோனது ஊரறிந்த சங்கதி. ஆனால் ஊர் அறிந்திருப்பது வேறு, மஞ்சள் தடவிய கார்டில் வழவழப்பாக அச்சாகி வருவது வேறு அல்லவா? வேடியப்பன் அக்காவுக்குப் போன் போட்டார். "கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். பட்டம் கட்டறதுக்கு உம் புருஷன் வேற வேடியப்பனைப் பாத்துக்கட்டும். அதான் இன்னொருத்தன் கீறானே!"

அந்தப் பக்கத்தில் தாய்மாமன் கையால் நெற்றியில் பட்டம் கட்டாமல் எந்தப் பெண்ணும் மணவறையில் உட்காருவதில்லை. மதிவதனி அழவில்லை, அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. "மாமா வரலேன்னா நான் மேடை ஏறமாட்டேன்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மத்தவங்க வீட்டுல குடிச்சிட்டு வந்து மானத்தை வாங்குவாங்க" என்றார் கன்னியம்மாள். "எங்க வீட்டுல படிச்சிட்டு வந்து வாங்கறாங்க. கெளம்புங்க."

கிளம்பினார்கள். கலவரத்தில் முருகவேல் தம்முடைய போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். காதுகுத்து ஆல்பத்தை மட்டும் மறக்கவில்லை. எந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கீழ்பென்னாத்தூரில் வேடியப்பன் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வினோதினி மட்டும் "வாங்கண்ணா, வாங்க அண்ணி" என்றார்.

"மச்சான், தப்பா நெனச்சிக்கிட்டீங்க. அது சும்மா அடையாளத்துக்குத்தான்" என்றார் முருகவேல். "அப்புறம், நடக்காததை நான் எழுதல. இத பாருங்க, போட்டோ. எல்லா எலையிலயும் ஆளு இருக்குது. இந்த ஒரு எலையில மட்டும்..."

"ஏங்க!" என்று கன்னியம்மாள் ஆல்பத்தைப் பிடுங்கி மூடினார். "தம்பி, அந்த மனுசனை வுடு. கொழந்தை மொகத்தை நெனச்சுப் பாருடா."

வேடியப்பன் திரும்பாமலே பேசினார். "அக்கா, மாமாவை நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா? எங்க போனாலும் மாமான்னுதான் சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு சேத்திருப்பனா? மரியாதைன்னா அது. கேட்டுப் பாரு ஊருல!"

அப்போது மூட்டைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. வேங்கிக்கால் வீட்டில் காத்திருக்கப் பொறுக்காத மதிவதனி, அப்பா விட்டுப்போன போனிலிருந்து மாமாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"யாருன்னு பாரு" என்றார் வேடியப்பன்.

வினோதினி எடுத்துப் பார்த்தார். கணவனின் முதுகைப் பார்த்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, கார்டைப் படித்த அதே தெளிவோடு, ஒரு சொல்லும் விடாமல் படித்தார்:

"'மாமா இங்கிலீஷ், எடுத்தா ஒரு மணி நேரம் காலி'ன்னு வருதுங்க."

போன் அடித்து ஓய்ந்தது. கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேடியப்பன் மெதுவாக நாற்காலியோடு திரும்பினார். எத்தனையோ நாள் வெயிலில் நின்ற முகம் அப்போதுதான் நன்றாகச் சிவந்தது.

"அது வந்து மாமா... சும்மா அடையாளத்துக்குத்தான்."

முருகவேல் கோபப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இவ்வளவு சொல்லியும் அவரை நீங்கள் புரிந்துகொள்ளவில்லை. அவர் கண்கள் ஒளிர்ந்தன. போனை வாங்கி அந்த வரியைத் தாமே ஒருமுறை படித்தார்.

"உங்க போன்ல மாமான்னு எத்தினி பேரு?"

"நாலஞ்சு பேரு இருப்பாங்க."

"அப்போ வாலு அவசியந்தான். வேற எந்த மாமாவுக்கும் இது பொருந்தாதே? நல்லா ஒட்டியிருக்கீங்க மச்சான்."

முதலில் சிரித்தவர் வினோதினி. பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வது கடினம். காபி வந்தது. தட்டு நிறைய வறுத்த மல்லாட்டை வந்தது. வேடியப்பன் வருவதாக ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"மேடைக்கு மைக்குல என்னை நீங்கதான் கூப்புடணும் மாமா. பேரை மட்டும் சொல்லணும். முன்னாலயும் ஒண்ணும் வேணாம், பின்னாலயும் ஒண்ணும் வேணாம்."

"சத்தியமா" என்றார் முருகவேல்.

கல்யாண நாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டம் கட்டும் வேளை நெருங்கியதும் ஐயர் சைகை காட்டினார். முருகவேல் மைக்கைப் பிடித்தார். ஆயிரம் ஹூக்களும் விச்சுகளும் அவர் வாயில் வரிசைகட்டி நின்றிருக்கும். அத்தனையையும் விழுங்கிவிட்டு, அந்த இலக்கண நூல் கிடைத்த பிறகு முதல்முறையாக ஒரு பெயரை வெறுமையாக வெளியே விட்டார்.

"திரு. வேடியப்பன் அவர்கள் மேடைக்கு வரவும்."

இரண்டு பேர் எழுந்தார்கள்.

வலப்பக்கத்திலிருந்து தாய்மாமன் பட்டுவேட்டி சரசரக்க வந்தார். இடப்பக்கத்திலிருந்து பங்காளி வேடியப்பன், இத்தனை பெரிய சபையில் தம்மைக் கூப்பிட்டுவிட்ட பூரிப்போடு துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். இருவரும் படிக்கட்டில் சந்தித்தார்கள். யாரோ பங்காளியின் கையைப் பிடித்து இழுத்தார்கள். "எம் பேரைத்தானே சொன்னாரு? வேணும்னா அவரையே கேளு" என்று அவர் நகர மறுத்தார்.

எல்லோரும் முருகவேலைப் பார்த்தார்கள். முருகவேல் சத்தியம் செய்தவர். மைக்கை மார்போடு அணைத்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, மச்சானைப் பார்த்தார். ஐயர் அவசரப்பட்டார். மணப்பெண் நெற்றியைக் காட்டியபடி காத்திருந்தாள்.

தாய்மாமன் வேடியப்பன் ஒரே எட்டில் மேலே ஏறி மைக்கைப் பிடுங்கினார்.

"நான்தான்யா! காதுகுத்துல சாப்புடாம எழுந்து போனவன்!"

மண்டபமே இடிந்து விழுவதுபோல் சிரித்தது. பங்காளி கைகூப்பி வழிவிட்டு இறங்கினார். சிரிப்பில் குலுங்கிய மதிவதனியின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டினார். அதனால் அது சற்றே கோணலாகத்தான் விழுந்தது. அன்று வேடியப்பன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, தம்மைச் சேர்ந்த அத்தனை இலைகளிலும் ஜிலேபி விழுகிறதா என்று பார்த்து, கடைசிவரை எழாமல் சாப்பிட்டார். அதற்கும் போட்டோ இருக்கிறது.

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. சிரித்த கையோடு உங்கள் போனைத் திறந்து, பெயர்கள் இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். 'ரேவதி பழைய வீடு.' 'தருமன் பிளம்பர் சொன்னா வரமாட்டான்.' 'வேணு கல்யாணத்துக்கு வராதவன்.' யார் ஒட்டிய வால்கள் இவை? அது போகட்டும். உங்கள் பெயர் மற்றவர்கள் போனில் எந்த வாலோடு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், அவர்கள் எதிரிலேயே நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்துச் சொல்ல ஒரு வினோதினி இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.