ரீடிங் சாரிடம் விமர்சனம் வாங்கிய கதை

பெங்களூரில் ஒரு புத்தகத்தை ஒரு வரிகூட விடாமல், அதே சமயம் ஒரு வரியைக்கூட நம்பாமல் படித்த ஒரே மனிதர் ரீடிங் சார்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. நாங்கள் குடியிருந்த நீலசந்திராவில் வீடு வீடாக வந்து மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறவர். கேட்டில் நின்று "ரீடிங்!" என்று ஒரு சத்தம் போடுவார். தெருநாய்கள் எழுந்து இடம் மாற்றிப் படுக்கும். தெருவே அவரை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டது.

அந்த வருஷம் நான் ஒரு நாவலைச் சொந்தச் செலவில் அச்சடித்திருந்தேன். முந்நூறு பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அவற்றில் இடிக்க, என் மனைவி கல்பனா பெருமூச்சு விடுவாள். கடைக்காரர்கள் வாங்கவில்லை. பத்திரிகைகள் மூச்சுவிடவில்லை. "இப்பல்லாம் ப்ளாக்ல எழுதுறவங்கதான்யா, அவங்களுக்கு அனுப்பு" என்றார் அலுவலக நண்பர். அனுப்பினேன்.

ஒருவர் அட்டைப்படத்தைப் பற்றி மட்டும் மூன்று பத்தி எழுதினார். இன்னொருவர் தன் கவிதைத் தொகுப்பைப் பற்றி நான் முதலில் எழுதினால் யோசிக்கலாம் என்றார். மூன்றாமவர், 'பெற்றுக்கொண்டேன், மகிழ்ச்சி' என்று மின்னஞ்சல் போட்டார். ஆறு மாதம் கழித்து ஞாபகப்படுத்தியபோது, மறுபடியும் 'பெற்றுக்கொண்டேன், மகிழ்ச்சி' என்றார். எனக்கு அலுத்துவிட்டது. நாவல் எழுதியபோதுகூட இவ்வளவு களைப்பு இல்லை.

'நேரில் பார்த்தவன்' என்ற பெயரில் எழுதுகிறவருக்குத்தான் கடைசியாக ஒரு பிரதி அனுப்பினேன். ஒக்கலிபுரத்தில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரின் முகவரி கொடுத்திருந்தார். பதில் இல்லை. அடுத்த மாதம் கேட்டில், "ரீடிங்!" என்ற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன்.

"மீட்டர் அப்புறம் பாத்துக்கலாம் குரு. பக்கம் பதினொண்ணு இன்னா?" என்றார் ரீடிங் சார். யாரைப் பார்த்தாலும் அவருக்குக் 'குரு'தான். கையில் என் நாவல்.

"சார், அந்த 'நேரில் பார்த்தவன்' நீங்கதானா?"

"அத்த வுடுங்க. ஹீரோ வூட்லேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு நூறு அடின்னு எழுதிகிறீங்க. நான் நடந்தேன். எர்நூத்திப் பத்து. உங்காளுக்கு காலு எவ்ளோ நீளம்?"

"கதை சார் அது."

"கதைன்னா காலு இருக்காதா?"

அன்று ஆரம்பித்தது. ஞாயிறு தவறாமல் பத்து மணிக்கு வந்துவிடுவார். நாயகன் செவ்வாய்க்கிழமை கேசரிபாத் சாப்பிட்ட ஓட்டலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அந்த ஓட்டலுக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. கல்லாவில் இருந்தவரிடம் கன்னடத்தில் விசாரித்து, அவர் வாயாலேயே என்னிடம் சொல்லவைத்தார். நாயகன் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து எங்கும் நிற்காமல் மூன்று மாடி ஏறுவதாக இருபத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. "ஏறிக் காட்டுங்க" என்றார். முதல் மாடியில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கல்பனா தைலம் தேய்த்தபடி கேட்டாள். "ஒரு விமர்சனத்துக்கு இவ்ளோ அல்லாடணுமாங்க? அந்தாளை வரவேணாம்னு சொல்லிடுங்களேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் முந்நூறு பிரதி அச்சடித்ததில் என்னிடம் கேள்வி கேட்ட ஒரே வாசகர் அவர். அதனால் தைலத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. இடுப்பு தேறியது. மூன்றாவது ஞாயிறு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பக்கம் அறுபத்திநாலு தப்பு குரு."

அது நாயகனின் அக்கா வரும் பக்கம். வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டு ஹெப்பகோடிக்குப் போய்விட்டவள், அப்பா செத்ததற்குக்கூட வரவில்லை, அத்தனை திமிர் என்று எழுதியிருந்தேன். எல்லோரிடமும் கற்பனை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தாலும் அவள் என் சொந்த அக்காதான். பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

"மாவு மில்லு மேல மாடி, பச்சைக் கதவுன்னு எழுதிகிறீங்களே, அது இருக்குதான்னு பாக்கப் போனேன். இருந்துச்சு. அந்தம்மா கதவைத் தொறந்துச்சு. அட்டைய பாத்ததும், 'இது என் தம்பி பேராச்சே'ன்னுச்சு. அங்கியே நின்னு படிச்சுச்சு." நோட்டைப் பிரித்தார். "வந்திருக்குது குரு. உங்கப்பா செத்த அன்னிக்கு உங்க கேட்டுக்கு வந்திருக்குது. உங்க சித்தப்பாதான் உள்ள வுடல. நீங்க உள்ள காரியத்துல இருந்தீங்க."

"அவ சொல்லுவா சார், ஆயிரம்."

"அதான் நானும் நெனைச்சேன். உங்க வூட்டுக்கு எதிர்ல இஸ்திரி போடுறாரே, அவரைக் கேட்டேன். ஸ்டூல் போட்டு ஒக்கார வெச்சு தண்ணி குடுத்தாராம். பாடிய எடுத்துட்டுப் போறவரைக்கும் ஒக்காந்திருந்துட்டு அழுதுகினே போச்சாம்."

'கதை சார்' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கல்பனா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். ரீடிங் சார் எங்கள் இருவரையும் பார்த்தார், நோட்டை மூடினார். "ஸ்வல்ப தண்ணி குடுங்க சிஸ்டர்" என்று வாங்கிக் குடித்தார். போகும்போது கேட்டருகே திரும்பி, "பஸ்ஸு ஒரு மணி நேரம். மில்லு கிட்டயே எறங்கிக்கலாம்" என்றார்.

எனக்கு அவர்மேல் ஒரு வாரம் கோபம் இருந்தது. விமர்சனம் கேட்டால் வீட்டு விஷயத்தை நோண்டுவதா? பிறகு கோபம் சித்தப்பாமேல் போயிற்று. அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். கோபத்துக்கு ஆள் கிடைக்காமல் கடைசியில் என்னிடமே வந்து நின்றபோது, நானும் கல்பனாவும் பஸ் ஏறினோம்.

அக்கா கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த மன்னிப்பு மறந்துபோயிற்று.

"வரலன்னு எழுதுனதகூட வுட்டுடலாம்டா. என்னைக் குண்டுன்னு எழுதிருக்கியே, எந்த வாயால எழுதுன?" என்றாள். கல்பனாதான் எங்கள் இருவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த மாதம் விமர்சனம் வந்தது. 'நடை தெளிவு. அடிக்கணக்கில் ஆசிரியர் பலவீனம். பக்கம் 64 தவறு, ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டார். மற்றபடி படிக்கலாம்.' அவ்வளவுதான். கீழே இரண்டு பின்னூட்டங்கள். ஒன்று என்னுடையது. மற்றது, புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. கிடைக்கும் இடத்தைச் சொன்னேன். யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு மைசூர் பக்கம் மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். ப்ளாக்கும் நின்றுபோயிற்று. புதிதாக வந்த பையன் காலிங்பெல் அடித்து, மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு என் புத்தகங்களைப் பற்றி நல்லதாக எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதற்காக ஹெப்பகோடி பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர் அவர் ஒருவர்தான்.